எந்தக் குடும்பத்தில்

"குடும்பத்தில் வேறு யாருக்காவது?"
ஓர்ஹூஸ் மருத்துவமனையின் இரவு மருத்துவர் கேட்டார்.
எந்தக் குடும்பத்தில், என்றேன்.
பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.
அவர் ஒரு கட்டத்தை வெறுமையாய் விட்டு
அடுத்த கேள்விக்குப் போனார்.

கையில் ஒரு கீறல், அவ்வளவுதான்.
சனிக்கிழமை மீன் ஆய்கையில் செவுள் கிழித்தது.
ஞாயிறு மாலைக்குள் பெயர் மறந்துவிட்டது.
எனக்கு இரண்டு பெயர்கள்:
கிரீன்லாந்தில் பிறந்தபோது பிபாலுக்,
பதினொரு மாதத்தில் டென்மார்க்குக்குத் தத்து வந்தபின் பிர்கிட்டே.
இரண்டில் ஒன்றுகூட வரவில்லை.

யோர்ன் தொலைபேசியில் உளறியதைக் கேட்டு
முகம் தெரியாத ஒருத்தி
செப்சிஸ் என்று குறித்துக்கொண்டாள்.
எட்டு நிமிடத்தில் வண்டி வந்தது.
ஒரு மணி நேரம் ஆகுமுன்
முதல் மருந்து நரம்பில் இறங்கியது.

கிருமியைவிட என் உடம்புதான்
என்னைக் கொல்லப் பார்த்ததாம்.
திருடனைத் தேடிப் புறப்பட்ட காவல்
தெருவையே கொளுத்திக்கொண்டு வந்தது.
முதலில் சிறுநீரகம்; அப்புறம் நுரையீரல்.
வேலி பயிரை மேய்ந்து முடித்துவிட்டு
வீட்டுக் கதவையும் முட்டியது.

ஐந்து மாதம் கழித்து, மரபணுப் பிரிவில்,
ஹெல்லே ராவ்ன்கில்
ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.
முந்நூறு கோடி எழுத்துகளில்
ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
காவலர்களை முன்கோபிகளாக்கும் எழுத்து.
ஆக்கலாம், என்று திருத்திக்கொண்டார்.
அந்த 'லாம்' மீது பேனா முனை
வெகுநேரம் நின்றது.
ரத்த உறவில் யாராவது கிடைத்தால் நல்லது, என்றார்.

கிழக்குக் கரைக்கு எழுதினேன்.
எழுபது பேர் வாழும் ஒரு குடியிருப்பிலிருந்து
பனிங்குவாக் பதில் போட்டாள், தம்பி மனைவி.
தம்பி இருந்ததே அப்போதுதான் தெரியும்.
என்னைக் கொடுத்து இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவன்.
பெயர் அக்காலுக்.
அவர்கள் மொழியில் அதற்குத்
தமக்கைக்குப் பின் பிறந்தவன் என்று பொருள்.
நாற்பத்தொரு வருடம்
ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறது,
நான் இல்லாத வீட்டின் வாசலில் நின்று.

சீலைத் தோலுரிக்கும்போது கத்தி நழுவியதாம்.
கழுவத் தண்ணீர் வாளியில்தான்:
ஊருக்கு ஒரே குழாய்க்கொட்டகை,
அதன் மோட்டார் நவம்பரிலேயே உறைந்து நின்றுவிட்டது.
மருத்துவர் இல்லை. ஒரு மருந்து அலமாரி,
அதற்கு ஒரு சாவி,
சாவியை வைத்திருக்கும் மீனவன்.
அவன் தொலைபேசியில் எல்லாம் சரியாகவே சொன்னான்:
காய்ச்சல், மூச்சிரைப்பு, பேச்சுக் குழறல்.
அந்தப் பக்கமும் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.
பித்தராக் வீசிக்கொண்டிருந்தது,
பனிமேட்டிலிருந்து கடல்மேல் விழும் காற்று.
ஹெலிகாப்டர் மூன்று நாள் எழவில்லை.
அவனுக்கு இரண்டு நாள் போதுமாயிருந்தது.

எச்சில் குழாய்கள் தபாலில் போய்த் தபாலில் வந்தன.
பனிங்குவாக்கிடம் அந்த எழுத்து இல்லை.
மகன் மலிக்கிடம் இருந்தது.
அப்படியானால் அவனிடமும்.

தலையெழுத்து என்று சொல்லி எழுந்துவிடலாம்.
அதே எழுத்துதான் என் தலையிலும்.

ஹெல்லேயின் படிவத்தில்
வெற்றுக் கட்டத்தை நிரப்பினேன்: தம்பி, நாற்பத்தொன்று.
காற்றுக்குக் கட்டம் இல்லை. மோட்டாருக்கும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், மூன்று நாள் என்று.
அதற்குக் கீழே, எட்டு நிமிடம்.
அவர் அழிக்கவில்லை;
கணினியில் அதை எங்கே ஏற்றுவதென்றும் தெரியவில்லை.

தாசிலாக் மருத்துவமனையில் மலிக்கின் பெயருக்கு நேரே
காய்ச்சலென்றால் காத்திருக்க வேண்டாம்
என்று குறித்திருக்கிறார்களாம்.
காற்று அதை வாசிக்குமா
என்று கேட்டிருந்தாள் பனிங்குவாக்.
நான் விசாரித்த செருப்பு அளவையும் எழுதியிருந்தாள்.
அடியில், பின்குறிப்பாக:
மோட்டாரைச் சரிசெய்துவிட்டார்கள். ஏப்ரலில்.