பதினொன்றாவது பாப்கார்ன்

பேட்ஜில் இடம் போதாததால்
செண்பகவல்லி, செண்பாவாகச் சுருங்கி
ஐந்து ரோட்டுத் தியேட்டர் ஒன்றில்
சோளம் பொரிக்கிறேன்.

நாலாவது வாரமாய் ஓடுகிறது படம்.
பணக்காரப் பையன், டீக்கடைப் பெண்.
ஏற்காட்டில் எடுத்தார்களாம்.
பதினேழாவது கொண்டை ஊசியில்
ஹீரோவின் கார் புகைந்து நிற்கும்.
அவள் டீ பாய்லரைத் திறந்து
கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்து வந்து
ரேடியேட்டரில் ஊற்றுவாள்.
காதல் கிளம்பிவிடும், காரும்.
அடிவாரத்தில் மெக்கானிக்காக இருக்கும் என் அண்ணன்
அந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டான்.
மலையில் அவ்வளவு மழை,
டீக்கடைக்காரியின் கண்மை மட்டும் கரையாது.
பழைய தாவணிதான், இஸ்திரி கலையாது.

நான் முழுசாகப் பார்த்ததில்லை.
கதவு திறந்து மூடும் இடுக்கில்
எண்பத்து நாலு காட்சிகள்,
கிழித்த டிக்கெட் மாதிரி துண்டு துண்டாய்.
பகோடா பாயிண்ட்டில் ஹீரோ மண்டியிட்டு
ஏதோ சொல்வான்,
அவள் சிரித்துக்கொண்டே அழுவாள்.
என்ன சொல்வான்?
இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பு அது.
என் எண்ணெய் காய்ந்து
சட்டி முழுக்க வெடிக்கிற நேரம்.

அந்த நேரத்துக்குத்தான் அவனும் வருவான்.
யுகேந்திரன். கார்டில் பார்த்த பெயர்.
சாய்ந்து படுக்கிற சீட்டு, தனி ஆள்.
பெரிய பாப்கார்ன் ஒன்று, உப்பு.
கால்வாசிகூடக் குறையாத டப்பாவை
பெருக்க வரும் பாக்கியம் அக்கா
பிள்ளைகளுக்கென்று எடுத்துவைப்பாள்.

பதினொன்றாவது நாள் கேட்டேன்:
"அவன் மண்டி போட்டு என்னங்க சொல்றான்?"
முழித்தான்.
"தெரியலங்க. அப்ப நான் எப்பவும்
இங்கதான நிக்கிறேன்."

வெடித்துத் தீரும்வரை
இரண்டு பேரும் மெஷினையே பார்த்தோம்.

படத்தில் அப்பா மனம் மாறப் பன்னிரண்டு நிமிடம்,
அதிலும் நடுவில் ஒரு பாட்டு.
எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.
ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி மில் உங்களுதுதானே?
ஆமாம் என்றான், கொஞ்சம் பெருமையாக.
எங்க அம்மா அங்கதான் கிழங்குத் தோல் உரிக்கிறாங்க,
மூட்டைக் கணக்குல.
பெருமை போன இடத்தில்
என்ன வைப்பதென்று தெரியாமல்
பாப்கார்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.
உள்ளே போக வேண்டியவன்
வாசலுக்குப் போனான்.

இரண்டு நாள் வரவில்லை.
சரிதான் என்று
மெஷின் கண்ணாடியைத் துடைத்தேன்,
ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை.

வியாழன். மறுநாள் படத்தைத் தூக்குகிறார்கள்.
லீவு போட்டு, என் காசில் டிக்கெட் எடுத்து
மாலைக் காட்சிக்கு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.
விளக்கு அணைந்த பிறகு ஒருவன்
தடவித் தடவி வந்து
யார் காலையோ மிதித்து, திட்டு வாங்கி
பக்கத்தில் உட்கார்ந்தான்.
"உங்க அம்மாவ ரெஜிஸ்டர்ல தேடினேன்.
யாருக்கும் பேரே இல்லைங்க.
டோக்கன் நம்பர்தான் இருக்கு."
"நாப்பத்தொண்ணு" என்றேன்.
கொஞ்சம் கழித்து, "கமலவேணி" என்றேன்.
சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

பிறகு, கழுத்து வலிக்கிறது என்றான்,
சினிமாவை அண்ணாந்து பார்த்துப் பழகாதவன்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

பகோடா பாயிண்ட் வந்தது.
ஹீரோ மண்டியிட்டான். வாயைத் திறந்தான்.
முன்வரிசை மொத்தமும் விசில்.
ஒரு எழுத்து கேட்கவில்லை.

வெளியே வந்து தட்டுவடை செட் தின்றோம்.
காரச் சட்னிக்கு அவன் மூக்கு ஒழுகியது.
எந்தப் போஸ்டரிலும் ஒட்ட முடியாத முகம்.
நாளையிலிருந்து பேய்ப் படம், வருவீங்களா என்றேன்.
பேய்னா பயம்ங்க என்றான்.
கதவுக்கு வெளியதானே நிப்பீங்க என்றேன்.