ஆலோசகர் நாற்காலி

நாளொன்றுக்கு இருநூறு லேய்,
மதியம் முட்டைக்கோஸ் சுருள், காகிதக் கோப்பையில் காபி.
நாற்காலியின் முதுகில் ஒத்திலியா என்று எழுதப் போய்
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள்.
கலாட்ஸ் துறைமுகத்தின் பழைய கிடங்கில்
ஒரு தொடர் கொலைகாரனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்,
பதினோராவது டேக்காக.

ஸ்மரண்டா டார்ச்சைத் தாடையருகே பிடிக்கிறாள்.
கன்ன எலும்பில் அழகாக விழுகிறது வெளிச்சம்.
அப்படிப் பிடித்தால் முதல் குண்டு முகத்துக்குத்தான்
என்கிறேன்.
இயக்குநர் ஹோரியா சிரிக்கிறார்:
"முகத்துக்குத்தானே மேடம் டிக்கெட்!"

இருபத்தாறு வருடம் கொலைப் பிரிவு.
ஒரு தடவைகூட நிலவறைக்குத் தனியாக இறங்கியதில்லை நான்.
ஆறு பேர் போவோம். ஒருவனுக்கு இருமல்.
ஒருவன் வாசலில் நின்று பூட்ஸ் மண்ணைத் தேய்ப்பான்.
இவளோ படத்துக்குப் படம் தனியே இறங்குகிறாள்,
பேட்டரி தீர்ந்து, மழை கொட்டி,
கணவன் பிரிந்து,
பொட்டுத் தூக்கமில்லாமல்.
நான் நன்றாகத் தூங்குவேன்.
அதைச் சொன்னதும்
கதை எழுதிய பையன் பேனாவை மூடிவிட்டான்.

சுவரில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள்,
புகைப்படத்திலிருந்து புகைப்படத்துக்கு.
எங்களிடம் நூல் இல்லை.
எடைமேடைச் சீட்டுகள் இருந்தன,
மூன்று வருடத்துச் சீட்டுகள், மூன்று சாக்கு.
நானும் தட்டச்சு செய்யும் வெறொனிகாவும்
சூரியகாந்தி விதை கொறித்தபடி பிரித்தோம்.
நாலாம் இரவு அவள்தான் சொன்னாள்:
"செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
இந்த லாரிக்கு இரண்டு மணி நேரத்தைக் காணோம்."
அவ்வளவுதான் க்ளைமாக்ஸ்.
பின்னணி இசை, தண்ணீர் கொதிக்கும் ரேடியேட்டர்.

கொலைகாரன் எட்டு நிமிடம் பேசவேண்டுமாம்,
கடவுள், தாய், கண்ணாடி, எல்லாவற்றையும் பற்றி.
எங்கள் ஆள் பேசவில்லை.
விலங்கு மாட்டும்போது ஒன்று கேட்டான்:
"அடுப்பில் பால் இருக்கிறது, யாராவது அணைப்பீர்களா?"
நான்தான் போய் அணைத்தேன்.
பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது.

பிற்பகல், நான்காம் சடலம்.
லவீனியா என்றொரு பெண், செவிலியர் படிப்பு,
மணிக்கு முப்பது லேய்க்கு
நாணலில் மல்லாந்து கிடக்கிறாள்.
டான்யூபிலிருந்து காற்று வந்து அவள் வயிற்றை நடுக்குகிறது.
"மூச்சு தெரிகிறது, கட்."
மறுபடி கிடக்கிறாள். மறுபடி நடுங்குகிறாள்.
அன்றைய தாளில் அவள் பெயர்: சடலம் 4.
ஸ்மரண்டா தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டு
நேராக என்னிடம் வருகிறாள்.
"நிஜத்தில் நான்காவது யார்?"

துப்பாக்கியின் எடையைக் கேட்டிருக்கிறார்கள்.
ரத்தம் காய்ந்தால் என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.

தோய்னா, என்றேன். நூற்பாலையில் இரவுப் பணி.
இடது செருப்பின் குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது,
ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாளாக இருக்கும்.
பையில் இரண்டு கிலோ சர்க்கரை, ஜாம் கிண்டுவதற்கு.
அவள் தங்கை இன்னமும் வருடத்துக்கொரு புட்டி
எனக்கு அனுப்புகிறாள், பிளம்.
ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.
பதினான்கு இருக்கின்றன, அலமாரியில்.

அடுத்த டேக்கில்
நாணலோரம் மண்டியிட்ட ஸ்மரண்டா
ஹோரியா சொன்ன காயத்தைப் பார்க்கவில்லை.
செருப்பைப் பார்த்தாள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
உதடு அசைந்தது.
ஒலிப்பதிவுக்காரர் தலையாட்டினார், ஒன்றும் விழவில்லை.
"என்ன சொன்னாய்?"
"வசனம் மறந்துவிட்டது."
லவீனியா கோட்டைத் திருப்பித் தராமல் எழுந்துபோய்
சூடாக எதையோ குடித்தாள்.

இருட்டியபின் மறுபடி கிடங்கு, மறுபடி படிக்கட்டு.
இந்த முறை டார்ச்
ஸ்மரண்டாவின் முகத்தைவிட்டு ஒரு முழம் தள்ளி இறங்கியது,
படியை மட்டும் காட்டிக்கொண்டு.
முகம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை
என்று மேலிருந்து ஹோரியா கத்திக்கொண்டேயிருந்தார்.