கூறு

தைஷானில் மோக் வம்சத்துக் கூடத்துக்கு
நான் வெளியாள்.
அதனால்தான் கத்தி என்னிடம்.
அவர்களில் ஒருவன் வெட்டினால்
தன் பங்கில் எலும்பு கூடிவிட்டதென்று
இன்னொருவன் வருடம் முழுக்கப் பேசுவான்.

சிங்மிங் நாள். காலையிலிருந்து தூறல்.
சூளையில் சுட்ட முழுப் பன்றி,
புது அரக்குப் பெட்டி போலத் தோல் சிவந்து,
கண்குழிகளில் செர்ரிப் பழம் வைத்து,
மலைமேல் கல்லறைகளைப் பார்த்துவிட்டு
இறங்கி வந்திருந்தது.
ஒரு காது இல்லை. சூளையில் கருகியிருக்கும் என்றார்கள்.
முன்னோர் வாசனையை மட்டும் உண்டார்கள்.
மீதி எடை முழுதும் என் பலகையில்.

பெரியவர் பட்டியலை விரித்தார்.
தலைக்கட்டுக் கணக்கில் நாற்பத்தாறு கூறு.
அறுபதைத் தாண்டியவருக்கு இரண்டு.
பிறந்து பதினொரு நாளான பையனுக்கு ஒன்று:
பல் இல்லை, கூறு உண்டு.
வான்கூவரில் இருக்கும் கிட்-ஹங்குக்கு ஒன்று.
அவன் இறைச்சியை விட்டு ஆறு வருடம் ஆகிறது.
கூடத்துக் குளிர்பெட்டியில்
அவனுடைய இந்த வருடம்
போன வருடத்தின் மேல் உட்காரும்.

அவன் தங்கை சௌ-யின்
தூணோரம் நின்று ஈரத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சூளைக்கடையில் முன்பணம் கொடுத்தவள்.
வளைவுகளில் பன்றி சரிந்துவிடாமல்
வேனுக்குள் அதன் தலையை மடியில் தாங்கி வந்தவள்.
கால்சட்டையில் கொழுப்பு வட்டம்
இன்னும் காயவில்லை.

பெயர் பெயராய்ப் படித்தார்கள்.
சிவப்புப் பைகள் ஒவ்வொன்றாய்க் கை மாறின.
என் கைக்கு எண்ணிக்கை தவறாது,
பத்தொன்பது வருடப் பழக்கம்.
இருந்தும் கடைசிப் பெயருக்குப் பிறகு
பலகையில் ஒரு கூறு மிச்சம் கிடந்தது.

பெரியவர் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு
மேலிருந்து மறுபடி எண்ணினார்.
"ஒன்று கூடுதல்."
"தவறிவிட்டது" என்றேன்.
என்னைப் பார்த்தார். தூணைப் பார்த்தார்.
"சரி, வெட்டுக்கூலியோடு நீயே வைத்துக்கொள்."
நல்ல மனிதர். அதுதான் சங்கடம்.

வாசலுக்கு வெளியே பையை அவளிடம் நீட்டினேன்.
விலா ஓரம். தோலும் கொழுப்பும் சதையும்
அடுக்கு அடுக்காய் அமைந்த இடம்,
பார்த்துப் பார்த்து ஒதுக்கியது.
அவள் கையை நீட்டவில்லை.
"கறி கடையில் கிடைக்கும், யிப் அண்ணா.
மலைக்கு வரும் வழியிலேயே
காதை ஒடித்துத் தின்றுவிட்டேன்.
கறி இல்லை. பெயர் கூறுகிறாரே, உரக்க,
அதில்..."
முடிக்காமல் குடையை விரித்தாள்.
ஒரு கம்பி உடைந்த குடை.

இரவு வீட்டில் பையைப் பிரித்தேன்.
ஈரத்தில் தோல் மொறுமொறுப்பு இழந்து
தோல்செருப்பு போல வளைந்தது.
மனைவி அதை வெங்காயத்தாளும் சோயாவும் போட்டு
வாணலியில் புரட்டினாள்.
நன்றாகத்தான் இருந்தது.
இரண்டாம் தடவையும்
சோறு போட்டுக்கொண்டேன்.