வலது கன்னம்

மின்சாரம் போய் ஒன்பதாவது நாள்.
குட்டாயிஸி நகரம் முழுக்க
மண்ணெண்ணெய்ப் புகையில் இருமிக்கொண்டிருந்தது.
என் ஸ்டுடியோவின் இரண்டு பெரிய விளக்குகளும்
திட்டு வாங்கிய பிள்ளைகள் போல
தலை கவிழ்ந்து நின்றன.

லமாரா வந்தாள்.
கிரேக்க நாட்டில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்ட,
சூப் ஊட்ட, இரவில் புரட்டிப் படுக்கவைக்கப் போகிறாள்.
பாஸ்போர்ட்டுக்கு நான்கு படம் வேண்டும்.
"இருட்டில் எடுக்க முடியுமா?"
இருட்டில் யாராலும் முடியாது.
ஆனால் இது இருட்டில்லை, டிசம்பர்.

நாற்காலியை வடக்கு ஜன்னலுக்கு இழுத்தேன்.
பதினெட்டு வருடமாய் அசையாத நாற்காலி,
ஊரெல்லாம் கேட்கக் கிறீச்சிட்டது.
எதிர்வீட்டுத் தகரக் கூரையில் பனி.
எங்கும் தென்படாத சூரியனை
எங்கிருந்தோ கைமாற்று வாங்கி
என் ஜன்னலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது கூரை.

இடது பக்கம் பால்.
வலது பக்கம் பாதாளம்.

கீழே ரொட்டிக்கடை கோச்சாவைக் கூப்பிட்டேன்.
மேஜை விரிப்பைத் தூக்கிப் பிடித்து நின்றான்.
வெள்ளை அங்கி, வெள்ளைக் கை, மாவு படிந்த புருவம்.
விரிப்பே வேண்டியிருக்கவில்லை,
ஆளே போதும்.
"இன்னும் கிட்டே.
இன்னும்.
அங்கேயே நில்."
அவள் வலது கன்னத்தில்
கிணற்றில் நீர் ஊறுவது போல
மெல்ல வெளிச்சம் ஊறியது.
முழுதும் நிறையவில்லை.
நிறைய வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

விளக்குக்கு ஒரே பதில்தான் தெரியும்,
எந்த முகம் கேட்டாலும்.
ஜன்னல் அப்படியல்ல.
ஒரு மேகம் நகர்ந்தால் பேச்சை மாற்றும்,
ஒரு காக்கை கூரையில் உட்கார்ந்தால் தயங்கும்.
காத்திருந்தேன்.
பதினெட்டு வருடம் நான்
நெற்றிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.
இப்போதுதான் தெரிகிறது,
இடது கண் ஒரு நூலளவு தாழ்ந்திருப்பது.
கீழுதட்டில் பல் பதிந்த தடம்.
கண்மணிக்குள் ஒரு குட்டி ஜன்னல்,
அதற்குள் கூரை, கூரைமேல் பனி.

"என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?"
"உங்கள் கண்ணில் எதிர்வீடு தெரிகிறது."
அவள் சிரிக்கவில்லை.
சிரிப்புக்கு ஒரு படி கீழே வந்து நின்றாள்.
லென்ஸ் மூடியை எடுத்தேன்.
அரை நொடி.
மூடினேன்.
கோச்சா அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டான்.

அச்சிட்டதும் ஜன்னல்தான்.
அந்தியில், நெகட்டிவைத் தாளோடு ஒட்டிவைத்து,
கறுப்புத் திரையை விலக்கி,
மூன்று எண்ணி, இழுத்து மூடினேன்.

வியாழக்கிழமை நான்கையும் திருப்பிக் கொண்டுவந்தாள்.
பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தது:
வலது கன்னத்தில் நிழல். ஏற்பதற்கில்லை.

அன்று இருபது நிமிடம் மின்சாரம் வந்தது.
விளக்குகள் இரண்டும் நிமிர்ந்து எரிந்தன.
புதுப் படத்தில் நிழல் இல்லை.
கூரை இல்லை, பனி இல்லை,
இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில்.
ஏற்றுக்கொண்டார்கள்.
அந்த முகத்தோடுதான் எல்லை தாண்டினாள்.

ஏற்காத நான்கில்
ஒன்று அவள் மகனிடம்.
ஒன்றை எங்கே வைத்தாளோ, சொல்லவில்லை.
ஒன்று இங்கே, மேஜைக் கண்ணாடிக்கு அடியில்.

நான்காவதைக் கோச்சா கேட்டு வாங்கினான்.
அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான்,
ஓரங்கள் சூட்டில் சுருண்டுவிட்டன.
ரொட்டிக்கு வரிசையில் நிற்பவர்களிடம்
மாவு விரலால் தொட்டுக் காட்டுகிறான்:
"அந்தப் பக்கம் வானம்.
இந்தக் கன்னம் நான்."