பதினொன்றா, பதினான்கா

"கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததுண்டா?"
கேட்டுத்தான் ஆக வேண்டும், காந்தம் பொல்லாதது.
"முப்பத்தெட்டு வருஷம் இன்ஜின் அறையில்.
எண்ணி வைக்கவில்லை," என்றார் தவுனோ உலிதாலோ.
முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே.
ஒன்றுமில்லை. உள்ளே போனார்.

துர்க்கு நகரில் பிப்ரவரி.
மேலே ஔரா ஆறு உறைந்து கிடக்கிறது.
கீழ்த்தளத்தில் நான், கண்ணாடிக்கு இப்பால்,
ஒலிபெருக்கியில் அதே மூன்று வாக்கியம்:
மூச்சை இழுங்கள்.
விடுங்கள்.
அப்படியே நில்லுங்கள்.
சொல்லும்போதெல்லாம் நானும் நின்றுவிடுகிறேன்,
பதினாறு வருடப் பழக்கம்.

மருந்து ஏறியது. இனிப் பத்து நிமிடம்.
நல்ல தசை வந்த விருந்தை வாசல்வரை வந்து அனுப்பிவிடும்;
செத்த இடம்
பிடித்த கையை விடாது.
பிறகு நான் ஒரு நொடியைத் தேட வேண்டும்,
உயிருள்ளதெல்லாம் இருண்டுபோகும் நொடியை.
இருநூற்று எழுபது மில்லி வினாடி: சாம்பல்.
தொண்ணூறு: கறுப்பு.
அங்கே, இதயத்தின் கீழ்ச்சுவரில்,
வெட்டிப் போட்ட நகம்போல்
வெள்ளை.

கோப்பில் மாரடைப்பு என்று ஒரு வரிகூட இல்லை.
விறகு பிளக்கையில் தலைசுற்றல் என்றுதான் வந்திருந்தார்.

அளப்பது கையால்தான்.
பத்து வெட்டுப்படம், ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு,
உள்சுவரைச் சுற்றி, வெளிச்சுவரைச் சுற்றி,
எலியைப் பிடித்து மெல்ல.
எனக்குப் பதினான்கு கிராம்.
டாக்டர் ஹில்க்கா அளந்தால் பதினொன்று.
ஒரே இதயம், ஒரே திரை.
ஓரத்துச் சாம்பலை அவள் உயிரில் சேர்த்தாள்,
நான் சாவில் சேர்த்தேன்.
எது வரை வெள்ளை என்பதற்கு
நூல்களில் நான்கு விதி,
நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

மூன்று கிராம் என்றால் எவ்வளவு?
ஓய்வறையில் தபால் தராசு இருக்கிறது.
சர்க்கரைக் கட்டி ஒன்றை வைத்துப் பார்த்தேன்:
இரண்டே முக்கால்.
அதைக் காப்பியில் போடவும் மனமில்லை,
டப்பாவில் திருப்பிப் போடவும் மனமில்லை.
காப்பி ஆறிப்போனது.
புண்ணும் ஆறும். ஆறியதன் பெயர்தான்
இந்த வெள்ளை.

சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்:
"அதில் தேதி தெரியுமா?"
எந்தத் தேதி?
"எப்போது வந்தது என்று."
எதையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
வந்ததென்று நான் சொல்லவும் இல்லை.
அவராகவே பேசினார்:
ஐந்து வருடம் முன் ஒரு நவம்பர்,
நாகு தீவு தாண்டி, மார்பில் கல் ஏறியது.
படகில் நாற்பது பேர், கால்நடை வைத்தியர் ஒருத்தி,
அவளுடைய கூண்டில் ஒரு செம்மறி.
ஊறுகாய் மீன் செய்த வேலை என்று நினைத்துக்
கரைவரை இன்ஜினைக் கொண்டுவந்தார்,
பிறகு தரையையும் கழுவினார்.
அடுத்த வாரம் உடல்தகுதிப் படிவத்தில்
'நெஞ்சுவலி: இல்லை' என்று கையெழுத்து.
அதன்பின் இன்னும் மூன்று வருடம் ஓட்டம்.

"பொய்யா அது என்று
தெரிந்துகொள்ள வேண்டும்."

வடுவுக்கு இடம் உண்டு, கனம் உண்டு.
ஆண்டு கிடையாது.
டாக்டர் பேசுவார் என்றேன்.
அது பொய்யில்லை. பதிலும் இல்லை.

அறிக்கையில் ஹில்க்கா பன்னிரண்டு என்று எழுதினாள்.
நான் எதிர்க்கவில்லை.
(இன்றும் எனக்குப் பதினான்குதான்.)

மாலை பஸ்ஸுக்கு நிற்கையில் பார்த்தேன்,
ஆற்றங்கரையில் அவர்.
குறுக்கே நடந்தவர்களின் தடம் எதிர்க்கரைவரை தெளிவாக இருந்தது.
குதிகாலால் பனியை ஒருமுறை தட்டினார்.
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
மறுபடி தட்டினார்.
பிறகு பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.