உப்பிட்டவர்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்றால்
தண்டர் பே நகராட்சியை
நாங்கள் நினைக்காத குளிர்காலம் இல்லை.
ரெய்யோவின் மஞ்சள் டட்சனில்
கால் வைக்கும் இடத்தில் சாலை தெரியும்.
பதினோரு வருடம் ஒட்டுப் போட்டார்.
மே மாதம் ஜாக்கி வைத்தார்:
கார் எழவில்லை,
ஜாக்கி மட்டும் உள்ளே போனது.

அரிசோனாவில் ஒன்று இருக்கிறதாம்.
மூன்று நாள், காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு.
அங்கே மல்லாந்து படுத்து
காந்தத்தை விளிம்பெல்லாம் நகர்த்தினார்.
எங்கும் ஒட்டியது.
பூச்சு இல்லை, புட்டி இல்லை,
இரும்பு.
வெகுநேரம் சத்தமே காணோம்.
குனிந்து பார்த்தேன்.
கண்ணில் மணல், என்றார்.

வெயில் தின்றது வேறு கணக்கு.
டாஷ்போர்டு ஏரிக்கரைச் சேறு போல் வெடித்திருந்தது,
இருக்கையைத் தொட்டால் மாவு.
விற்ற லொரிண்டா
வாழ்க்கையில் பனியே பார்த்ததில்லையாம்.
கொடுத்துவைத்தவள், என்றார் ரெய்யோ,
பணத்தை எண்ணியபடி.

அக்டோபர் கடைசி.
முதல் உப்பு லாரி தெருமுனை திரும்பியதும்
புதியதற்குப் போர்வை போர்த்தி
கொட்டகையைப் பூட்டிவிட்டார்.

ரொட்டி வாங்கப் போகிறோம்
பழையதில்.
பலகைமேல் காலை வைத்துக்கொள், ஐலா, என்கிறார்.
நான் பலகையைச் சற்று நகர்த்தி
கீழே ஓடும் சாலையைப்
பார்த்துக்கொண்டே வருகிறேன்.