சுவரொட்டியில் நான்கு விரல்கள்

மாக்வாலாவைக் காணவில்லை.
வயது பதினாறு. இடது புருவத்தில் சிறு வெட்டு.
கடைசியாக அணிந்திருந்தது
அண்ணனின் பச்சை மழைச்சட்டை.

ரொட்டிக்கடைக் கண்ணாடியில்,
ரோப் கார் நிலையத்துத் தூணில்,
மாங்கனீசுத் தூசி அப்பிய பள்ளிக்கூடக் கதவில்
அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.
படத்தைப் பாதியாக வெட்டியிருக்கிறார்கள்.
வெட்டிப்போட்ட பாதி நான்.

கத்தரிக்குத் தப்பியவை நான்கு விரல்கள்.
அவள் தோளில் இன்னும் கிடக்கின்றன.
யாருடையவை என்று
ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

அவளுடைய அப்பா அழுதார்.
அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
மிகச் சரியாக அழுதார்.

ரோப் கார் ஓட்டும் ஜுஜுனா சொன்னாள்:
"வியாழக்கிழமை மேலே போனவர்கள் ஏழு பேர்.
இறங்கியது ஆறு.
முப்பது வருஷத்தில் நான் எண்ணித் தப்பியதில்லை."
இன்ஸ்பெக்டர் கோச்சா எழுதிக்கொண்டார்:
ஏழில் ஆறு போக ஒன்று.

பிறகு என்னிடம் வந்தார்.
வேதியியல் டியூஷனில் இருந்தேன் என்றேன்.
பொய்யில்லை. டியூஷன் நாலு மணிக்கே முடிந்துவிட்டது.
அவர் ஆறு மணியைக் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு
மலை உச்சியில், மூடிய சுரங்கத்தின் வாசலில்
என் நகங்களுக்கு அவள் நீலம் பூசிக்கொண்டிருந்தாள்.
கை நடுங்கவில்லை.
"எங்கே போகிறாய்?"
"தெரிந்தால் சொல்லிவிடுவாய்."
சுண்டுவிரலுக்கு வருவதற்குள்
பின்பக்கச் சாலையில் பேருந்து வந்து நின்றது.
மூடாத சீசாவை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

நான் நடந்தேதான் இறங்கினேன்.
ஆட்டுத்தடம். இருட்டு. முழங்காலில் சிராய்ப்பு.
ஜுஜுனாவின் பெட்டியில் ஏறவே இல்லை.

இதைக் கணக்கில் நான் இடறியது
நான்காம் நாள், பல் தேய்க்கும்போது.
ஏழு பேரில் அவள் இல்லை, நானும் இல்லை.
ஐந்து பேர்தானே இறங்கியிருக்க வேண்டும்?

அந்தப் பேருந்தில் அவள் ஏறியதைப் பார்த்தேன்.
யார் இறங்கினார்கள் என்று
பார்க்கவில்லை.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் பேருந்தையும் சொல்ல வேண்டும்.
பேருந்தைச் சொன்னால்
அந்தக் கைக்கடிகாரம் அவளைத் தேடிப் புறப்படும்.
நகப்பூச்சைச் சுரண்டியெடுத்தேன்.
சீசாவை ஆற்றில் எறிந்தேன்.

இன்று காலை பள்ளிக்கூடக் கதவருகே
கூட்டம் இல்லை, மழை.
கறுப்பு வெள்ளைச் சுவரொட்டியில்
என் விரல்களுக்கு யாரோ
பேனாவால் நீலம் தீட்டியிருக்கிறார்கள்.

மூன்று நகங்களுக்கு மட்டும்.

மை இன்னும் ஈரமாக இருந்தது.
மேலே
காலிப் பெட்டியொன்று கம்பியில் ஆடிக்கொண்டு
கீழே வந்துகொண்டிருந்தது.
காலி என்றுதான்
இங்கிருந்து பார்க்கும்போது தெரிகிறது.